இன்னும் ஒரு விரல்

"உன் மெஷினை இறக்கிடலாம்னு பாக்கறேன்," என்றார் லிஃப்ட்காரர், டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே. மூலையில் கிடக்கும் கிழிந்த சாக்கைத் தூக்கிப் போடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தையல்காரியின் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றது. இந்த மனிதர் தெரிந்துதான் பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் பேசியிருக்கிறார். இல்லாவிட்டால் டம்ளருக்குள்ளேயே கண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

"ஏங்க, அது உங்கள என்ன பண்ணுச்சு?"

"என்னை ஒண்ணும் பண்ணல. படகைப் பண்ணுது. பின்பக்கம் இன்னும் ஒரு விரல் இறங்கியிருக்கு. நகர்த்த முடிஞ்சதெல்லாம் நகர்த்திட்டேன். மிச்சம் இருக்கறது அதுதான்."

இந்த ஒரு விரல் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன கையோடு, இரண்டு பேருமாகச் சேர்ந்து முப்பது அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். இவர்கள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு, காற்று கொண்டுபோகிற இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் நாற்காலியை எங்கே போட்டாலும் வீடு கவலைப்படாது. படகு அப்படி இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பாரம் சரியாக இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆமை வேகத்தில் போகும். முன்பக்கம் கனத்தால் இன்னும் ஆபத்து. மூக்கு தண்ணீருக்குள் குத்தும், பின்னால் இருக்கிற சுக்கான் பாதி வெளியே வந்துவிடும், அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு தன் இஷ்டத்துக்குப் போகும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் படகின் வயிற்றைச் சுற்றி ஒரு நீலப்பட்டை அடித்திருந்தார்கள். தண்ணீருக்கு மேலே அந்தப் பட்டை முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் தெரிந்தால் படகு சரியாக மிதக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் லிஃப்ட்காரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. சரியாக ஆறாமல் மறுபடி ஒரு தடவை பிரித்தார்கள். பதினெட்டு மாதம் கரையில், வாடகை வீட்டில், கட்டிலும் நாற்காலியுமாகக் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கப் பட்டை இருக்க வேண்டிய இடத்துக்கு நாலு விரல் கீழே இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, கரையே கண்ணில் படாமல் பதினொரு நாள் போக வேண்டிய பயணம் காத்திருந்தது. இந்த லட்சணத்தில் எப்படிக் கிளம்புவது என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எடை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவர் நினைப்பு. லிஃப்ட் ஏறும்போது பின்னால் ஒரு இரும்புப் பாளம் இறங்கும், அந்தக் கணக்கில் ஒரு கிலோ பிசகினாலும் மோட்டார் முனகும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நோட்டு போட்டார். ஒரு தொங்கு தராசு வாங்கினார். சாப்பாட்டு டப்பாக்கள், டீசல் கேன்கள், ஸ்பானர் பெட்டி, மாற்று நங்கூரம், ஏன், அவளுடைய தலையணையைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடை பார்த்து எழுதினார். பிறகு பின்னால் இருந்ததையெல்லாம் முன்னால் கொண்டுபோய் அடுக்கினார். மூன்று வாரமாக இதே வேலை. முன்னறைக் கட்டிலுக்கு அடியில் இப்போது ஒரு மளிகைக் கடையே இருந்தது.

தினமும் காலையில் ஏழு மணிக்குப் படகின் கடைக்கோடிக்குப் போவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்குகிற ஏணிக்கு மேலே வளைந்து, தலையைத் தொங்கப் போட்டுப் பட்டையைப் பார்ப்பார். "மூணு," என்பார் ஒரு நாள். "ரெண்டரை," என்பார் இன்னொரு நாள். நாலு விரல் படிப்படியாகக் குறைந்து ஒரு விரலுக்கு வந்திருந்தது. அந்த ஒரு விரல் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

"இருபத்தேழு கிலோ," என்றார் இப்போது. "அதுவும் பின்னறையில இருக்கு. முன்னாடி வைக்கலாம்னா அங்க இண்டு இடுக்கு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"கரையில பாய் தைக்கிற பட்டறைக்காரிகிட்ட சொல்லிட்டேன். அவளுக்கு அதுமேல ரொம்ப நாளாக் கண்ணு. வியாழக்கிழமை தள்ளுவண்டியோட வரேன்னா."

சொல்லிவிட்டாராம். கேட்டுவிட்டு அல்ல, சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து வரும் என்று அவளுக்கே பயம்.

அந்த மெஷின் சாதாரண மெஷின் இல்லை. இரும்பு உடம்பு, கையால் சுற்றுகிற பெரிய சக்கரம், பாய்த்துணியை ஏழு மடிப்பு வைத்தாலும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும் ஊசி. எந்தத் துறையில் போய் நின்றாலும் இரண்டாவது நாள் யாராவது கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். "தையல்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். காற்றைப் பார்ப்பதும் வழி போடுவதும் எஞ்சினோடு மல்லுக்கட்டுவதும் அவர் வேலை. அந்த மெஷின் இருக்கிறவரைக்கும் அவளும் அந்தப் படகில் ஒரு ஆள். அது இறங்கிவிட்டால் அவள் கூட வருகிற பெண்டாட்டி, அவ்வளவுதான். பதினெட்டு மாதம் அவர் படுத்துக் கிடந்தபோது இரண்டு பேர் வயிற்றையும் நிரப்பியதும் அதே மெஷின்தான். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை பொங்கியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. துணிகளை எடுத்துக்கொண்டு துறையின் எதிர்க்கரையில் இருக்கிற சலவை அறைக்குப் போனாள். வழக்கமாகப் படகிலேயே துவைத்துவிடுவாள்; முந்தின நாள் பேச்சுக்குப் பிறகு முகம் பார்க்கப் பிடிக்காமல் அவள் கிளம்பிவிட்டாள். துவைத்து முடித்து, ஈரத்துணி வாளியோடு எதிர்ப்பக்க மிதவைப் பாலத்தில் நடந்து வந்தவள் தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தங்கள் படகு முழுசாகத் தெரிந்தது. இத்தனை நாளில் அதை இப்படிப் பக்கவாட்டில், தூர நின்று பார்க்கவே இல்லை. அவர்கள் படகைக் கட்டியிருந்த பாலம் குட்டையானது. அதில் நின்றால் படகின் முன்பாதிதான் தெரியும், பின்பாதி தண்ணீர்ப் பக்கமாக நீண்டிருக்கும். பின்பக்கக் கவலையில் முன்பக்கப் பட்டையை இருவருமே குனிந்து பார்த்ததில்லை.

படகில் யாரும் இல்லை. அவர் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போயிருக்க வேண்டும். அவள் முதலில் பார்த்தது பின்பக்கத்தைத்தான். அந்தப் பாழாய்ப்போன ஒரு விரலைத் தேடினாள். காணவில்லை. அது மட்டுமல்ல, பின்பக்கப் பட்டை இருக்க வேண்டியதற்கு மேலேயே மூன்று விரல் எழும்பி நின்றது. சட்டென்று முன்பக்கம் பார்த்தாள். அங்கே பட்டையையே காணோம். படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு, முட்டப்போகும் மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வாளியைக் கீழே வைத்தாள். ஏதோ கண் கோளாறு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் லிஃப்ட்காரர் தண்ணீர்க் கேனோடு படகில் ஏறினார். கேனை நடுவில் வைத்தார். முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் நடந்தார். அவர் ஒவ்வொரு அடி வைக்க வைக்க மூக்கு மேலே ஏறியது, பின்பக்கம் கீழே இறங்கியது. கடைக்கோடிக்குப் போய், கம்பியைப் பிடித்து, ஏணிக்கு மேலே வளைந்து தலையைத் தொங்கப் போட்டார். பின்பக்கப் பட்டை ஒரு விரல் முழுகியது.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அதே வேகத்தில் நின்றும் போனது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர் இப்படி வளைந்து பார்க்க மாட்டார். காலையில் எழுந்ததும் தண்ணீரில் குதித்து, படகைச் சுற்றி ஒரு வட்டம் நீந்தி, பட்டையை நேராகக் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். அதுதான் அவர் வழக்கம். பதினெட்டு மாதம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததில் உடம்பு போட்டுவிட்டது. திரும்பி வந்த முதல் நாள் சட்டையைக் கழற்றிக் குதிக்கப் போனவர், பக்கத்துப் படகில் நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கழற்றின சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தண்ணி ஜில்லுனு இருக்கு," என்றார். அன்றிலிருந்து இன்றுவரை தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழைய பேண்ட்டுகளின் இடுப்பைச் சத்தமில்லாமல் பிரித்துப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்தாள். அவரும் பெரிதாகிவிட்டதே என்று கேட்டதில்லை.

சாயங்காலம் அவர் எஞ்சின் அறைக்குள் தலையை விட்டிருந்தபோது அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். எத்தனை பக்கம். கரண்டிகள் ஒன்றே முக்கால் கிலோ, போர்வைகள் ஆறு கிலோ, நூல் பெட்டி நாலரை கிலோ. கடைசிப் பக்கத்தில் ஆட்கள் என்று தலைப்பு. "அவள் – 56." அது சரி, போன மாதம்தான் பட்டறையில் இருக்கிற மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தி எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே, "நான் – 78."

எழுபத்தெட்டு. அறுவைக்கு முன்னால் இருந்த எடை. உலகத்தில் இருக்கிற கரண்டியை எல்லாம் எடை போட்ட மனுஷன் தன்னை மட்டும் போடவில்லை. பொய் எழுத வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டார், அது அவர் குணம் இல்லை. அந்த எண்ணைத் தாண்டி வேறு எண் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லிவிட்டால் மெஷின் பிழைக்கும். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அதற்குள் 'நீங்க குண்டாயிட்டீங்க' என்பது உட்கார்ந்திருந்தது. சொல்லாமலும் இருக்க முடியாது. வெறும் மெஷின் விஷயமாக இருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். கடலில் ஆளுக்கு நாலு மணி நேரம் முறை வைத்துத்தான் சுக்கான் பிடிப்பார்கள். அவள் முறை வரும்போது அவர் முன்னறையில் படுத்துத் தூங்குவார். அந்தக் கட்டில்தான் அவர் முழங்காலுக்கு ஒத்து வந்தது. ஏற்கெனவே மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிற படகில் அவரும் முன்னால் போய்ப் படுத்தால் என்ன ஆகும்? பின்னாலிருந்து பெரிய அலை வந்து தூக்கினால் சுக்கான் காற்றில் நிற்கும்.

அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று புதன்கிழமை காலை ஒரு உபாயம் செய்து பார்த்தாள். அவர் பின்பக்கம் தலையைத் தொங்கப் போட்டதும், காயப்போடுகிற சாக்கில் துணி வாளியோடு படகின் முன்முனைக்குப் போய் நின்றாள்.

"அட," என்றார் அவர் பின்னாலிருந்து. "பட்டை மேல வருது."

"அப்படியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் நடுவுக்கு வந்தாள்.

"திரும்ப இறங்கிடுச்சே."

மறுபடி முன்னால் போனாள். "இப்ப?"

"இப்ப ஏறுது. அது ஒண்ணுமில்ல, வெளிய ஏதோ விசைப்படகு போயிருக்கும். அலை வந்து தட்டுது."

குளம் மாதிரி கிடந்தது தண்ணீர். விசைப்படகும் இல்லை, அலையும் இல்லை. அவள் முன்னும் பின்னுமாக நாலு தரம் நடந்தாள். ஐம்பத்தாறு கிலோ நடந்ததற்கே படகு தலையாட்டியது. அவர் தலையை நிமிர்த்தி, "அங்க என்ன உலாத்தற, துணியைப் போட்டுட்டு வா, பசிக்குது," என்றார். இதற்கு மேல் ஒரு மனுஷருக்கு எப்படி ஜாடை காட்டுவது?

அன்றைக்கு முழுவதும் வார்த்தை தேடினாள். சாப்பிடும்போது, "ஏங்க," என்று ஆரம்பித்தாள். "என்ன?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பொத்தானுக்கு நடுவில் துணி இழுத்துக்கொண்டு நின்றது. "உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பட்டறைக்காரி ஒன்பதுக்கே தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். நல்ல பெண், கைவேலையில் கெட்டிக்காரி, கேட்காமலே உதவுவாள். ஒரே ஒரு குறை, அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிடும்.

"அக்கா, நிஜமாத்தான் குடுக்கறீங்களா? எனக்கு நம்பவே முடியல," என்றாள்.

"எடைம்மா, எடை," என்றார் லிஃப்ட்காரர். "படகுன்னா சில தியாகம் பண்ணித்தான் ஆகணும்."

யாருடைய தியாகம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கி வெளியே கொண்டுவந்து வண்டியில் வைத்தார்கள். தையல்காரி கை கொடுக்கவில்லை. பாலத்தில் ஓரமாக நின்று, தன் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெஷின் வண்டியில் உட்கார்ந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டு வந்துடறேன்," என்று பின்பக்கம் போனார்.

பட்டறைக்காரி படகின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் அகல விரிந்தது.

"அக்கா, இங்க பாருங்களேன். அண்ணன் அந்தப் பக்கம் போகப் போக மூக்கு மேல ஏறுது. இவ்வளவு நேரம் முழுகி இல்ல இருந்துச்சு? அப்ப பின்னாடி இறங்கறது மெஷினால இல்லையே, அண்ணனோட..."

சொல்லிக்கொண்டே வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு விநாடி போனால் "அண்ணே!" என்று கூப்பிட்டுவிடுவாள். சாயங்காலத்துக்குள் அந்தத் துறையில் ஒவ்வொரு படகிலும் ஒவ்வொருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அந்தச் சட்டையை இனி எந்தக் காலத்திலும் கழற்ற மாட்டார்.

தையல்காரி வண்டியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"வா, வெயில் ஏறுது. கொண்டு போய் வச்சுடலாம்."

"இல்லக்கா, ஒரு நிமிஷம், அண்ணன்கிட்ட..."

"நான் சொல்றேன் இல்ல, வா. நீ எதையும் பாக்கல. எனக்காக."

பட்டறைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பலகை இடுக்குகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மெஷின் கடகடவென்று ஆடியது. தன் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சி அதை உள்ளே தள்ளினாள்.

பட்டறையில் ஜன்னல் ஓரமாக வைத்தார்கள். தரையில் முழங்கால் போட்டு ஒரு பெரிய பாயை விரித்துக்கொண்டிருந்த இரண்டு வேலைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நூலை ரொம்ப இறுக்கி வைக்காத, கோபிச்சுக்கும்," என்று பட்டறைக்காரியிடம் சொன்னாள். "சக்கரத்துல எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல வேணாம்." சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. பாதியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது லிஃப்ட்காரர் பின்பக்கத்து உட்காரும் பள்ளத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு விரல்ல கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கு," என்றார். "மெஷினும் போச்சு, அது மட்டும் போகல. எனக்கு ஒண்ணும் புரியல. அந்த நூல் பெட்டி ஒரு நாலரை கிலோ..."

"நூல் பெட்டியா?" என்றாள் அவள். "மெஷினே போயாச்சு, நூலை வச்சு நான் என்ன, பட்டமா விடப் போறேன்? அதையும் தூக்கிப் போடுங்க. அப்புறம் என்னையும் போடுங்க. அப்பவும் அந்த ஒரு விரல் அங்கயேதான் இருக்கும்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேடித் தேடிக் கிடைக்காத வார்த்தைகளை விட்டுவிட்டு, கைக்கு வந்ததைச் சொன்னாள்.

"நீங்க பின்னாடி போய் நிக்கறப்பதாங்க அது இறங்குது. நீங்க இல்லாதப்ப படகு மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது. எதிர்க்கரையில நின்னு பாத்தேன். நீங்க பொருளை எல்லாம் முன்னாடி தள்ளினது தப்பு. நோட்டுல உங்க எடை எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. அது இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை இப்படியே கிளம்பினோம்னா, என் முறையில நீங்க முன்னாடி படுத்துத் தூங்குவீங்க. பின்னால இருந்து அலை வந்துச்சுன்னா என்னால பிடிக்க முடியாது. நான் பயந்து போயிருக்கேன்."

அவருக்குக் கழுத்திலிருந்து காதுவரை மெல்லச் சிவந்தது. சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் பாய்மரத்தைப் பார்த்தாள்.

"எப்ப பாத்த?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"நேத்து துணி காயப்போடறேன்னு முன்னும் பின்னும் நடந்தியே..."

"ஆமா."

"காலையில அவ வண்டியோட வந்து நிக்கறப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல? மெஷின் போயிருக்காதே."

"அவ முன்னாடியா?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தையை அவர் மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது. தன் மானத்துக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று இவள் எதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"எங்க போறீங்க?"

பாலத்தில் இறங்கி, முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். "ஏங்க, மெல்லப் போங்க, சரிவு வழுக்கும்," என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறைக்குப் போகிற சரிவில் மூச்சு வாங்க ஏறி, உள்ளே நுழைந்தார்.

பட்டறைக்காரி அப்போதுதான் மெஷினின் தலையில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரர்கள் இருவரும் பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் யாரோ ஒரு படகுக்காரர் துணி வாங்க வந்து நின்றிருந்தார். லிஃப்ட்காரர் யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரோரம் போனார். துணிச் சுருள்களை நிறுக்கிற மேடைத் தராசு அங்கே இருந்தது. அதன் மேல் கிடந்த ஒரு சுருளைத் தூக்கி ஓரமாக வைத்தார். செருப்பைக் கழற்றினார். ஏறி நின்றார்.

தராசின் முள் ஆடி ஆடி நின்றது. அவர் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்தது; வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு பார்த்தார்.

"நூத்தி மூணு," என்றார், பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "மெஷின் இருபத்தேழு. படகைப் பின்பக்கம் அமுக்கினது நான்தான். பழியை மட்டும் அது தலையில போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா, அது என் பெண்டாட்டியோட மெஷின், திருப்பிக் குடுத்துடு."

யாரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரி கோத்திருந்த நூலைச் சத்தமில்லாமல் உருவி எடுத்தாள். வேலைக்காரர்களில் ஒருவர் எழுந்து போய்த் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். லிஃப்ட்காரர் வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்பக்கம் ஒரு பாரம் குறையணும்னா நியாயமா நான்தான் இறங்கணும்," என்றார். "எது வரணும்னு நீயே சொல்லு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் வரும்," என்றாள். "ஆனா எது எங்க இருக்கணும்னு இனிமே நான்தான் சொல்லுவேன்."

"சரி," என்றார் அவர், தராசிலிருந்து இறங்காமலே.